டியூப் லைட்டில் எது சிக்கனம்? 40, 36, 28 வாட் – ஒரு தையல் கூடத்துக் கணக்கு

கேள்வி திருப்பூரில் ஒரு சின்ன தையல் யூனிட் நடத்துகிறவருடையது. கூடத்தில் 60 டியூப் லைட் எரிகிறது. அதில் 12 பழைய தடித்த 40 வாட், 34 சாதாரண 36 வாட். இந்த 46-க்கும் காப்பர் சோக்தான். மீதி 14 பிற்பாடு செக்கிங் மேசைகளுக்கு மேல் மாட்டிய மெல்லிய 28 வாட். "இதில் எது உண்மையிலேயே செலவு குறைவு? 50 ரூபாய் டியூபே போதுமா, விலை கூடினதை வாங்கினால் லாபமா? இல்லை, பேசாமல் எல்லாவற்றையும் எல்.இ.டி. ஆக்கிவிடலாமா?" என்று கேட்கிறார்.

டியூபின் விலையை வைத்து முடிவு செய்தாலும் சரி, டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் வாட்டை வைத்து முடிவு செய்தாலும் சரி, கணக்கு தப்பாகத்தான் வரும். சோக்கோடு சேர்த்து ஒரு செட் மொத்தமாக எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, அதற்கு எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டியூபுக்கு நீங்கள் கொடுக்கும் காசு, அதை ஒரு வருஷம் எரிக்க ஆகும் காசில் இருபதில் ஒரு பங்குகூட வராது. கடையில் பத்து இருபது ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, கரண்ட் பில்லில் நூற்றுக்கணக்கில் விட்டுக்கொண்டிருக்கும் தையல் யூனிட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்களிடம் இருக்கிற மூன்று வகை என்னென்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். தடித்தது டி12. அந்த எண், டியூபின் குறுக்களவு ஓர் அங்குலத்தில் எத்தனை எட்டில் ஒரு பாகம் என்பதைச் சொல்கிறது. டி12 என்றால் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். 36 வாட் டியூப் டி8, ஓர் அங்குலம், 26 மில்லிமீட்டர். 28 வாட் டி5, வெறும் 16 மில்லிமீட்டர். டி12-உம் டி8-உம் ஒரே நீளம், ஒரே ஹோல்டர். 40 வாட்டைக் கழற்றிவிட்டு அதே சோக், அதே ஸ்டார்ட்டரில் 36 வாட்டை மாட்டினால் எரியும். டி5 அப்படி இல்லை. நீளமும் சற்றுக் குறைவு, பின்களும் நெருக்கம், எலக்ட்ரானிக் சோக் கட்டாயம். ஆகவே டி5-க்குப் போவதென்றால் ஃபிட்டிங்கையே மாற்றியாக வேண்டும்.

டியூப் மெலிந்தால் ஏன் சிக்கனம்? உள்ளே இருக்கும் துளி பாதரசம் ஆவியாகி, மின்சாரம் பாயும்போது 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை விடுகிறது. கண்ணாடியின் உள்பக்கம் பூசிய வெள்ளைப் பொடி அந்தக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாக மாற்றித் தருகிறது. டியூப் தடிமனாக இருந்தால் அந்தக் கதிர் சுவரைத் தொடுவதற்குள் வழியிலேயே பாதரச அணுக்கள் திரும்பத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மெலிந்த டியூபில் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது. இது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம் பொடிதான். மெலிந்த டியூபுக்குக் குறைந்த பொடி போதும், அதனால் விலை கூடின நல்ல பொடியைப் பூசக் கட்டுப்படியாகிறது.

பொடியில் இரண்டு வகை. பழையது ஹாலோபாஸ்பேட், 1940-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. விலை மலிவு. ஆனால் எரிய எரிய மங்கும், துணியின் நிறத்தையும் சரியாகக் காட்டாது. இன்னொன்று 1970-களில் வந்த டிரைபாஸ்பர். யூரோப்பியம், டெர்பியம் மாதிரியான அரிய மண் தனிமங்களால் ஆனது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று இடங்களில் வெளிச்சத்தைக் குவித்துத் தரும். ஒரே 36 வாட் டியூப்தான். ஹாலோபாஸ்பேட் என்றால் சுமார் 2,450 லூமென் (விளக்கு விடும் மொத்த வெளிச்சத்தின் அளவு), டிரைபாஸ்பர் என்றால் சுமார் 3,250 லூமென். கரண்ட் ஒன்றுதான், வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு அதிகம். கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. இரண்டும் வெள்ளைக் குழாய்தான்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. டியூபின் ஓரத்தில், உலோக மூடிக்குப் பக்கத்தில் ஒரு மூன்று இலக்க எண் அச்சிட்டிருக்கும். 865 என்றோ 840 என்றோ இருந்தால் டிரைபாஸ்பர். முதல் எண் 8 என்றால் நிறம் காட்டும் திறன் 100-க்கு 80-ஐத் தாண்டும் என்று பொருள். அடுத்த இரண்டும் நிறத்தைச் சொல்கின்றன: 65 என்றால் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை, 40 என்றால் 4000 கெல்வின், கொஞ்சம் மஞ்சள் தட்டின வெள்ளை. 765 என்றோ வெறும் 54 என்றோ போட்டிருந்தால் அது பழைய பொடி. நாளைக் காலையில் ஏணி போட்டு உங்கள் 34 டியூபிலும் இந்த எண்ணைப் பாருங்கள். நாலைந்து தடவையாக வாங்கியிருப்பீர்கள், கலந்துதான் இருக்கும். எந்த வரிசையில் தையல்காரர்கள் வெளிச்சம் போதவில்லை என்கிறார்கள் என்பதையும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சோக். கரண்ட் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். காப்பர் சோக் என்பது இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிய கம்பிச் சுருள். டியூப் எரிகிற நேரமெல்லாம் அதுவும் சூடாகிக்கொண்டே இருக்கும். சாதாரண காப்பர் சோக் 12 முதல் 15 வாட் வரை சூடாகவே விட்டுவிடும். 40 வாட் டியூப் என்று நாம் சொல்வது உண்மையில் 54 வாட் செட். 36 வாட்டும் அப்படித்தான், 50 வாட் இழுக்கும். எலக்ட்ரானிக் சோக் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மாற்றி டியூபுக்குக் கொடுக்கிறது. அந்த வேகத்தில் டியூபின் திறனே பத்து சதவீதம் போலக் கூடும். எனவே 36 வாட் டியூபுக்கு 32 வாட் கொடுத்தாலே கிட்டத்தட்ட அதே வெளிச்சம் வந்துவிடும். சோக்கின் சொந்த இழப்பையும் சேர்த்தால் செட் மொத்தம் 36 வாட்டில் நிற்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் கூடம் ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்று 3,000 மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொள்கிறேன். யூனிட்டுக்கு உங்கள் பில்லில் என்ன விழுகிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் வசதிக்காக 8 ரூபாய் என்று எடுக்கிறேன்.

தடித்த 40 வாட், காப்பர் சோக்கோடு 54 வாட். வருஷத்துக்கு 162 யூனிட், 1,296 ரூபாய். கிடைப்பது 2,450 லூமென் போல, அதாவது வாட்டுக்கு 45. அதே சோக்கில் பழைய பொடி போட்ட 36 வாட் 150 யூனிட், 1,200 ரூபாய், வாட்டுக்கு 49. அதே செட்டில் டியூபை மட்டும் டிரைபாஸ்பராக மாற்றினால் கரண்ட் செலவு அதே 1,200 ரூபாய்தான், வெளிச்சம் மட்டும் வாட்டுக்கு 65 ஆகிறது. டிரைபாஸ்பருக்கு எலக்ட்ரானிக் சோக்கும் போட்டால் 108 யூனிட், 864 ரூபாய், வாட்டுக்கு 89. டி5 28 வாட், சோக்கோடு சேர்த்து 31 வாட் என்று கொண்டால் 93 யூனிட், 744 ரூபாய். அதன் வெளிச்சம் சுற்றியுள்ள சூட்டைப் பொறுத்து 2,600-இலிருந்து 2,900 லூமென் வரை, அதாவது வாட்டுக்கு 84 முதல் 93.

முதலில் சொன்ன தடித்த டியூபுக்கும் கடைசியாகச் சொன்ன டி5-க்கும் வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால் 40, 28 என்று டியூபின் மேல் போட்டிருக்கும் எண்களை மட்டும் பார்த்தால் முப்பது சதவீத வித்தியாசம்தான் தெரியும். சோக்கும் பொடியும் டியூபின் மேல் எழுதாத செலவுகள்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். உங்கள் கூடத்துக்கு மொத்தம் ஒரு லட்சம் லூமென் வேண்டும் என்று வையுங்கள். தடித்த டியூபில் அதைக் கொண்டுவர 41 செட், 2,214 வாட். டிரைபாஸ்பர் டி8-உம் எலக்ட்ரானிக் சோக்கும் என்றால் 31 செட், 1,116 வாட். டி5-இல் 35 செட், 1,085 வாட். கடையில் கிடைக்கும் 2,000 லூமென் 20 வாட் எல்.இ.டி. என்றால் 50 செட், 1,000 வாட். கடைசி மூன்றும் எவ்வளவு நெருக்கத்தில் நிற்கின்றன பாருங்கள். நல்ல சோக்கில் ஓடும் நல்ல டியூபுக்கும் சாதாரண எல்.இ.டி.க்கும் பத்து சதவீதம்தான் இடைவெளி. "எல்.இ.டி. போட்டேன், பில் பாதியாகிவிட்டது" என்கிறவர்கள் பெரும்பாலும் காப்பர் சோக்கிலிருந்து மாறியவர்கள். கூடவே வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டவர்கள். தையல் கூடத்தில் அந்தக் குறைவு வேலையில் தெரியும்.

டி5 பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் ஊருக்கு அது முக்கியம். டி8 தன் முழு வெளிச்சத்தைத் தருவது சுற்றியுள்ள காற்று 25 டிகிரியில் இருக்கும்போது. டி5-ஐ வடிவமைத்ததே 35 டிகிரிக்கு. குளிர்நாட்டு அலுவலகங்களில் மூடிய ஃபிட்டிங்குக்குள் சூடாக இருக்கும் என்று அப்படிச் செய்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல், மே மாதத்தில் தைக்கிற இடத்துக்கு அது தானாகவே பொருந்திவிட்டது. அதே டியூபை குளிர்பதனம் செய்த அறையில், ஏசியின் காற்று நேரே அடிக்கும் இடத்தில் மாட்டினால் மங்கலாக எரியும். உங்கள் செக்கிங் மேசையில் இருக்கும் 14-உம் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன.

எலக்ட்ரானிக் சோக் என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். மலிவான சோக் ஒன்றைத் திறந்து பாருங்கள்: இரண்டு சின்ன டிரான்சிஸ்டர், ஒரு சுருள், நாலைந்து கெபாசிட்டர், அவ்வளவுதான். உள்ளே வரும் கரண்டைச் சுத்தப்படுத்தும் வடிகட்டிச் சுருள் இருக்காது, ஃப்யூஸ் இருக்காது, மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் தாங்கும் வேரிஸ்டர் இருக்காது. டியூபின் இழைகளைச் சூடாக்காமல் ஒரே அடியாகப் பற்றவைக்கும். அதனால் சுவிட்ச் போட்டவுடன் பளிச்சென்று எரியும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் இழையின் மேல் பூசிய பொருள் தெறித்து, சில மாதங்களில் டியூபின் இரு முனையும் கறுத்துவிடும். நல்ல சோக் ஒரு வினாடி போல இழையைச் சூடாக்கிவிட்டுத்தான் பற்றவைக்கும். சுவிட்ச் போட்டதும் அந்தச் சின்னத் தாமதம் இருந்தால் நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல சோக்கில் டிரைபாஸ்பர் டியூப் 15,000 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைக்கும். மலிவு சோக்கில் அதே டியூப் அதில் பாதிகூட ஓடாது.

மலிவு சோக்கில் இன்னொரு சங்கதி. "28 வாட்டில் 36 வாட் டியூப் எரியும்" என்று அட்டையில் போட்டிருப்பார்கள். எரியும்தான், டியூபுக்குத் தேவையான கரண்டைக் கொடுக்காமல் எரிக்கும். வெளிச்சமும் அதே விகிதத்தில் குறையும். இதைச் சேமிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யார் சொல்வதையும் நம்பாமல் நீங்களே அளந்து பார்க்க ஒரு வழி உண்டு, காசு செலவில்லை. மின்வாரிய மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று எழுதியிருக்கும், 3200 என்பது போல. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மெஷின், மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே வகையில் பத்து டியூபை மட்டும் போட்டு, பத்து நிமிஷம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் காப்பர் சோக் போட்ட 36 வாட் பத்து எரிந்தால் 267 போல வரும். நல்ல எலக்ட்ரானிக் சோக்கோடு என்றால் 192. டி5 என்றால் 165 போல. ஃபோன் கேமராவை டியூபுக்கு நேராகக் காட்டுங்கள். காப்பர் சோக்கில் திரையில் பட்டை பட்டையாக ஓடும்.

அந்தப் பட்டை வேறொரு விஷயத்தையும் சொல்கிறது. காப்பர் சோக்கில் டியூப் வினாடிக்கு 100 தடவை மங்கி எழுகிறது. தையல் மெஷினின் சக்கரம் குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போது, அது நின்றுவிட்ட மாதிரியோ மெதுவாகச் சுற்றுகிற மாதிரியோ கண்ணுக்குத் தோன்றலாம். கட்டிங் பகுதியில் இது விபத்துக்கே கொண்டுபோகும். பழைய செட்டுகள் இன்னும் சில மாதம் ஓடத்தான் போகிறது என்றால், உங்களுக்கு மூன்று ஃபேஸ் லைன் இருப்பதால், பக்கத்துப் பக்கத்து வரிசைகளை வேறு வேறு ஃபேஸில் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒன்று மங்கும்போது இன்னொன்று எரியும். வயர்மேனுக்கு அரை நாள் வேலை.

ஜெனரேட்டர் வைத்திருக்கிறீர்களா என்று கேள்வியில் இல்லை. வைத்திருந்தால் இதையும் கவனியுங்கள். கண்டன்சர் இல்லாத காப்பர் சோக்கின் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் பாரத்தில் உண்மையில் செலவாகும் பங்கு, 0.5 சுமார். டியூப் ஒன்று 0.43 ஆம்பியர் இழுக்கும். உங்கள் 46 செட்டும் சேர்ந்து ஏறக்குறைய 20 ஆம்பியர், 4.5 கே.வி.ஏ. உண்மையில் செலவாவது 2.35 கிலோவாட்தான், ஆனால் ஜெனரேட்டரின் மேல் ஏறுவது 4.5 கே.வி.ஏ. பாரம். கரண்ட் போனால் ஜெனரேட்டரின் திறனில் பெரும்பங்கை விளக்கே சாப்பிட்டுவிடும், மெஷின்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்.

இப்போது எல்.இ.டி. மேலே சொன்ன கணக்கில் அதற்குப் பெரிய ஆதாயம் தெரியவில்லையே என்று தோன்றும். அதன் பலம் வேறிடத்தில். குழல் விளக்கு சுற்றிலும் 360 டிகிரிக்கு வெளிச்சத்தை விடுகிறது. மேலே வெள்ளையடித்த சீலிங் இருந்தால் மேல்நோக்கிப் போன வெளிச்சத்தில் பாதிக்கு மேல் திரும்பி வரும். உங்களுடையது தகரக் கூரை, அதுவும் பஞ்சுத் தூசி படிந்து கறுத்திருக்கும். மேலே போனது போனதுதான். எல்.இ.டி. பட்டை வெளிச்சத்தைக் கீழே மட்டும் விடுகிறது, ஆகவே மேசையில் விழுவது அதிகம். ரிஃப்ளெக்டர் இல்லாத டியூபின் 2,450 லூமெனும் எல்.இ.டி.யின் 2,000 லூமெனும் உங்கள் கூடத்து மேசையில் ஏறக்குறைய சமம், சில சமயம் எல்.இ.டி. கூடுதலாகவே காட்டும்.

இதோடு சேர்த்து உயரத்தையும் பாருங்கள். நீண்ட வரிசையாகத் தொங்கும் விளக்குக்கும் மேசைக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கூரையை ஒட்டி மாட்டிய வரிசையை, சங்கிலியிலோ பைப்பிலோ மெஷின்களுக்கு மேல் நாலு, நாலரை அடி உயரத்துக்கு இறக்கினால், புதிதாக ஒரு விளக்கும் வாங்காமலே வெளிச்சம் கூடும். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான முன்னேற்றம் எதுவும் இல்லை. இருந்தும் விளக்கு மாற்றுகிறவர்களில் பலர் இதைச் செய்வதே இல்லை. ஐரோப்பியத் தர அளவு தையலுக்கு 750 லக்ஸ் (மேசையில் விழும் வெளிச்சத்தின் அளவு), துணியும் நிறமும் சரிபார்க்க 1000 லக்ஸ் கேட்கிறது. லக்ஸ் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி ஊசி இறங்கும் இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். இருக்கிற நிலைமை தெரிந்துவிடும்.

நிறம் என்றதும், உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு விஷயம். செக்கிங்கிலும் ஷேடு பார்ப்பதிலும், அதாவது துணியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதிலும், அவசரப்பட்டு எல்.இ.டி.க்கு மாறாதீர்கள். ஏற்றுமதி ஆர்டரில் ஷேடு ஒப்புதல் கொடுக்கும் லைட் பாக்ஸில் டி.எல்.84 என்று ஒரு விளக்கு இருக்குமே, அது 4000 கெல்வின் டிரைபாஸ்பர் குழல் விளக்குதான். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளின் வெளிச்சமாக இருந்து, கடை வெளிச்சத்துக்கே அளவுகோலாகிவிட்டது. பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி டி.எல்.84-இல் வேறு வேறாகத் தெரியலாம். பனியனின் உடம்புத் துணிக்கும் கழுத்து, கை ஓரத்தில் வைக்கும் ரிப் துணிக்கும் வேறு வேறு சாயக் கலவை போயிருந்தால் இப்படி ஆகும். வாங்குகிறவர் எந்த விளக்கில் பார்க்கச் சொல்கிறாரோ அதில்தான் பார்க்க வேண்டும். வேறு எந்த விளக்கில் பார்த்துச் சரி என்றாலும் செல்லாது.

வெள்ளைப் பனியனில் இது இன்னும் கூர்மை. வெள்ளையில் போடும் ஆப்டிகல் பிரைட்னர் வேலை செய்வதே புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல வெளிச்சமாகத் திருப்பி விடுவதால்தான். குழல் விளக்கிலிருந்து கொஞ்சம் புற ஊதா வெளியே வரும், வெயிலில் நிறைய உண்டு. சாதாரண எல்.இ.டி.யில் ஏறக்குறைய இல்லை. ஒரே வெள்ளைப் பீஸை எல்.இ.டி.க்குக் கீழே பிடித்துவிட்டு, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள். உள்ளே பழுப்பாகத் தெரிந்தது வெளியே பளீரென்று இருக்கும். இது தெரியாமல் சாயப்பட்டறையோடு சண்டைக்குப் போனால் வீண் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

ஆக, உங்கள் 60 செட்டுக்கு என்ன செய்யலாம்? இன்றைய நிலையில் மொத்தம் 2,782 வாட், வருஷத்துக்கு 8,346 யூனிட், சுமார் 66,800 ரூபாய். தடித்த 12-ஐயும் காப்பர் சோக் 34-ஐயும் 20 வாட் எல்.இ.டி. பட்டையாக மாற்றி, டி5 14-ஐ அப்படியே விட்டால் 1,354 வாட், சுமார் 32,500 ரூபாய். வருஷத்துக்கு 34,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். பட்டை ஒன்று 250 ரூபாய் என்று போட்டாலும் 46-க்கு 11,500 ரூபாய், நாலு மாதத்தில் திரும்ப வந்துவிடும். ஒரே தடவையில் முடியாது என்றால் முதலில் தடித்த 12, அடுத்து 765 என்று அச்சிட்ட டி8, கடைசியில் 865 என்று அச்சிட்டவை. காப்பர் சோக்கை எலக்ட்ரானிக் சோக்காக மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். பத்து வருஷத்துக்கு முன் கேட்டிருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். இன்று நல்ல சோக் ஒன்றின் விலைக்கு முழு எல்.இ.டி. பட்டையே நெருங்கிவிட்டது. சோக்கை மாற்றினால் வருஷத்துக்கு 336 ரூபாய் மிச்சம், எல்.இ.டி. ஆக்கினால் 720.

டி5-ஐ மாற்றினால் செட்டுக்கு வருஷம் 264 ரூபாய்தான் மிச்சமாகும், வெளிச்சமும் நிறமும் போய்விடும். அதைத் தொட வேண்டாம். ஆனால் காலத்துக்கும் இருக்காது. பாதரசம் பற்றிய மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியாவும் உறுப்பினர். அந்த நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடியபோது, பொது வெளிச்சத்துக்கான குழல் விளக்குகளில் ஹாலோபாஸ்பேட் வகையின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2026-உடனும், டிரைபாஸ்பர் வகையை 2027-உடனும் நிறுத்த முடிவெடுத்தார்கள். ஐரோப்பாவில் டி5, டி8 இரண்டும் 2023-இலேயே கடைக்கு வருவது நின்றுவிட்டது. செக்கிங் மேசைக்கு 865 டி5 டியூப் ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொண்டால் சில வருஷம் கவலையில்லை. அதற்கு மேல் பதுக்க வேண்டாம். அதற்குள் நிறம் காட்டும் திறன் 90-ஐத் தாண்டும் எல்.இ.டி. மலிவாகிவிடும்.

எல்.இ.டி. வாங்கும்போது அட்டையில் வாட்டோடு லூமென் எத்தனை என்று பாருங்கள், வாட்டுக்கு 100-க்குக் கீழே இருந்தால் வேண்டாம். லூமென் போடாத அட்டையை அங்கேயே வைத்துவிடுங்கள். பழைய ஃபிட்டிங்கிலேயே மாட்டுகிற எல்.இ.டி. டியூபைவிட, தனிப் பட்டையாக வருவதை வாங்குவது நல்லது. டியூப் வடிவில் வருவதில் சிலவற்றுக்கு ஃபேஸ் ஒரு முனையிலும் நியூட்ரல் மறுமுனையிலும் கொடுக்க வேண்டும். மாட்டும்போது ஒரு முனை ஹோல்டரில் ஏறி, மறுமுனையின் பின் கையில் பட்டால் ஷாக் அடிக்க வாய்ப்புண்டு. அப்படித்தான் மாட்டுவேன் என்றால் மெயினை அணைத்துவிட்டு, சோக்கையும் ஸ்டார்ட்டரையும் வயரிலிருந்து முழுதாக எடுத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். எடுத்த காப்பர் சோக்கை எடைக்குப் போட்டால் உள்ளே இருக்கும் செம்புக்காகக் கொஞ்சம் காசும் வரும்.

கழற்றிய 46 டியூபையும் குப்பைத்தொட்டியில் வீசிவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, பழைய தடித்ததில் இன்னும் கூடுதல். மின்னணுக் கழிவு விதிகளின் கீழ் குழல் விளக்கும் வருகிறது. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். புது விளக்கு வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதை உடையாமல் அடுக்கி, ஆட்கள் புழங்காத இடத்தில் வைத்துக் கொடுத்துவிடுங்கள். ஒன்று உடைந்தால் மின்விசிறியை அணைத்துவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, ஆட்களைக் கால் மணி நேரம் வெளியே அனுப்புங்கள். துடைப்பத்தாலோ வேக்குவத்தாலோ கூட்டக் கூடாது. தடித்த அட்டைத் துண்டால் தள்ளி எடுத்து, பொடியை ஈரத் துணியால் ஒற்றி, எல்லாவற்றையும் ஒரு மூடி போட்ட டப்பாவில் அடைத்து அந்தப் பெட்டியோடு சேர்த்து வையுங்கள்.